பதினெட்டாம் தேதி, பத்து மணி

எங்கள் கரையில் ஜுதிகாவைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் எல்லோரும் வாய்க்குள்ளேயேதான் திட்டிக்கொள்வார்கள். ஆற்றைக் கடக்க வேண்டுமானால் அவளிடம்தானே டிக்கெட் வாங்க வேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்வா, எங்கள் வங்காளத்தில் ஒரு சின்ன டவுன். ரயில், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, துணிக்கடை எல்லாம் அங்கே. இந்தப் பக்கம் நாங்களும் எங்கள் கடுகு வயல்களும். நடுவில் ஓடும் படகுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு நடை. தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பதும், நேரமானதும் மூலையில் தொங்கும் வெண்கல மணியை அடிப்பதும் ஜுதிகாவின் வேலை. மணி அடித்தால் படகுக்காரர் ரஹம் சேக் கயிற்றை அவிழ்த்துவிடுவார். அதற்குப் பிறகு யார் ஓடி வந்தாலும் ஓடி வந்ததுதான் மிச்சம்.

அவளுக்கு முன்னால் அந்தக் கூண்டில் ஆண்கள் இருந்தார்கள். மச்சான் வந்தால் டிக்கெட் இல்லை, கட்சிக்காரர் வந்தால் படகு காத்திருக்கும், டீ வந்தால் எல்லோரும் காத்திருப்பார்கள். படகுத்துறைக் குத்தகைக்காரர் வெறுத்துப்போய் பத்தாவது வரை படித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். மீன்காரர் வீட்டுப் பெண். தராசுக்கு முன்னால் வளர்ந்தவளுக்கு முகம் பார்த்து எடை போடத் தெரியாது. வந்த முதல் மாதமே ஒரு மாப்பிள்ளையைக் கரையில் நிறுத்தினாள். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், தலையில் தக்கைக் கிரீடம் என்று முழு வேடத்தில் ஓடி வந்தவன், "நிறுத்துங்க, நான்தான் மாப்பிள்ளை!" என்று கத்தினான்.

"அடுத்த படகு இருபது நிமிஷத்துல" என்றாள் ஜுதிகா. "அதுக்குள்ள பொண்ணு ஓடிப்போக மாட்டா. போனா உங்க நல்ல நேரம்னு வெச்சுக்குங்க."

அன்றிலிருந்து அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர். அவள் கணவன் சுபலுக்கு இன்ஸ்பெக்டரம்மா வீட்டுக்காரர் என்று பெயர். அவன் அதே படகின் டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவன். கைவேலையில் கெட்டிக்காரன், வாய்வேலையில் ஒன்றுமில்லை. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான். மழை வருமா என்று கேட்டாலும் பார்க்கலாம், சோறு போடவா என்று கேட்டாலும் பார்க்கலாம். எட்டு வருடக் குடித்தனத்தில் ஜுதிகா அவனுடைய பார்க்கலாம்களைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னால் ஒருவேளை நடக்கும்.

அந்த வீட்டில் நிஜமாகப் பேசுகிறவர் சுபலின் அண்ணன் நிமாய்சரண். தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். பூஜைக் கமிட்டிச் செயலாளர், பஞ்சாங்கத்தில் கரை கண்டவர். வீட்டில் ஒரு ஆணி அடிப்பதானாலும் அந்த ரோஸ் அட்டைப் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். கணவனின் அண்ணனும் தம்பி மனைவியும் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்கிற வழக்கத்தைக் கட்வாக்காரர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். நிமாய்சரண் விடவில்லை. எட்டு வருடமாக ஒரே சமையலறைச் சோறு சாப்பிட்டும், அவர் ஜுதிகாவிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அவளும் அவரிடம் பேசியதில்லை.

இதில் கஷ்டம் என்னவென்றால், அவரும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். கூண்டுக்கு முன்னால் வந்து நிற்பார். காசை வைப்பார். ஆற்றைப் பார்ப்பார். "ரஹம், ஒரு டிக்கெட் வேணும்னு சொல்லு" என்பார், ரஹம் சேக் நாற்பது அடி தள்ளி நிற்கும்போது. ஜுதிகா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "ரஹம் சாச்சா, சில்லறை இல்லைன்னு சொல்லுங்க" என்பாள். நடுவில் நிற்கிற கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமும். ஒரு நாள் அவர் வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. படகு நிற்கவில்லை. அன்று இரவு வீட்டில் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சில பேருக்குச் சொந்தம் பந்தம் எதுவும் கண்ணுக்குத் தெரியறதில்ல." ஜுதிகா அடுப்பைப் பார்த்துப் பதில் சொன்னாள்: "சில பேருக்குக் கடிகாரம் தெரியறதில்ல."

இவ்வளவு வாய் உள்ளவளுக்கு ஒரே இடத்தில்தான் வாய் அடைத்துப்போகும். அது அவள் மகள் துன்துனி நடப்பதைப் பார்க்கும்போது.

துன்துனிக்கு மார்ச் மாதத்தில் ஏழு வயது ஆகப்போகிறது. வலது கால் சற்றே குட்டை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து எழும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக வாத்து நடை நடந்து காட்டுவார்கள். அவளும் திரும்பி நின்று, "நல்லா நடக்கலை, இன்னும் குனி" என்று திருத்துவாள். அம்மாவின் வாய் அப்படியே வந்திருந்தது. ஆனால் ராத்திரி தூக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். நிமாய்சரண் சொன்னது: "போகப் போகச் சரியாகும்." வீட்டில் கடுகெண்ணெய் தேய்த்தார்கள், பூண்டு காய்ச்சித் தேய்த்தார்கள், மண் பூசிப் பார்த்தார்கள். கால் பளபளத்தது, நேராகவில்லை.

கடைசியில் ஜுதிகாவே பர்தமான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே படம் எடுத்தாள். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் உட்காரவே இல்லை, பிறந்ததிலிருந்தே வெளியில்தான் நிற்கிறது என்றார்.

"எண்ணெய் தேய்ச்சா உள்ள போகுமா சார்?"

"எண்ணெய் தேய்ச்சா எண்ணெய்தான் தீரும். ஆபரேஷன் பண்ணணும்மா. இப்பவே லேட்டு. இந்தக் குழந்தைக்கு ஏழு வயசுக்கு முன்னாடி முடிச்சிடப் பாருங்க. தள்ளிப்போடப் போட, கஷ்டம் கூடிக்கிட்டேதான் போகும்." பெங்களூரில் குழந்தைகளின் எலும்புக்கென்றே ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார், புதிதாக வருகிறவர்களை மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் பார்ப்பார் என்று சொல்லி, ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அந்த எண்ணுக்கு ஜுதிகா இரண்டு மாதம் கூப்பிட்டாள். படகுக்கும் படகுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில், படகுக்கூட்டத்திடம் பொறுக்கிய இந்தியில். அந்தப் பக்கம் பேசிய பெண் ஒரு நாள், "நீங்க எப்பக் கூப்பிட்டாலும் மணிச் சத்தம் கேக்குதே, கோயில்லயா இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஆமா, கடவுளும் நான்தான், பூசாரியும் நான்தான். தேதி குடுங்க" என்றாள் ஜுதிகா. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஜனவரி பதினெட்டு, காலை பத்து மணி என்று பதிந்துகொண்டாள். இதை விட்டால் அடுத்து மே மாதம்தான் என்பதையும் சொல்லி வைத்தாள்.

மூன்று பேருக்கு டிக்கெட் போட்டாயிற்று. பதினைந்தாம் தேதி ஹவுராவில் ரயில், பதினேழு காலை பெங்களூர். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் 'தெற்கே டாக்டரைப் பார்க்கப் போகிறோம்' என்று ஒருவர் சொன்னால், அது அவர் வீட்டு விஷயமாக இருப்பதில்லை. அன்று சாயங்காலமே நிமாய்சரணின் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"இவ்வளவு தூரம் போறோம், எனக்கும் இந்தச் சர்க்கரையை ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்" என்றார் நிமாய்சரண். அவர் மனைவி பிந்துபாசினிக்குப் பித்தப்பையில் கல். பிந்துபாசினியின் தம்பிக்கு வாய்வு. தம்பி மனைவிக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவளை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியுமா? பக்கத்து வீட்டு அத்தைக்குக் கண்ணில் புரை. ஒரு வாரத்தில் மூன்று பேர் பதினொரு பேரானார்கள். போகிற வழியில் பூரி ஜகந்நாதர். வருகிற வழியில் திருப்பதி. வழியே இல்லாத வழியில் ராமேஸ்வரம். துன்துனியின் கால், இந்தப் பட்டியலில் ஆறாவது ஏழாவது வரியில் எங்கேயோ இருந்தது.

பிறகு மூட்டை. தெற்கத்திக்காரர்கள் தேங்காயெண்ணெயில் சமைப்பார்கள், மீனைப் புளியில் மூழ்கடித்துக் கொல்வார்கள் என்று பிந்துபாசினியின் தம்பி ஆணையிட்டுச் சொன்னார். அவர் ஒருமுறை விஜயவாடா ஸ்டேஷன் வரை போயிருக்கிறார். ஆகவே ஒரு டின் கடுகெண்ணெய், ஒரு சாக்குப் பொரி, பிரஷர் குக்கர், மண்ணெண்ணெய் அடுப்பு, கசகசா, அம்மிக் குழவி. அம்மியைக் கொண்டுபோக முடியாது என்பதில் அவருக்கு மிகுந்த வருத்தம். தலைக்கு ஒரு குரங்குக் குல்லாய் வேறு.

"பெங்களூர்ல எவ்வளவு குளிரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"குளிருதோ இல்லையோ, குல்லாய் குல்லாய்தான்" என்றார் நிமாய்சரண்.

ஜுதிகா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்தாள். பதினொரு பேர் வரட்டும், நூற்றுப் பதினொரு பேர் வரட்டும். பதினெட்டாம் தேதி பத்து மணிக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றால் போதும்.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம், கட்வாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தபன் படகேற வந்தான். டிக்கெட்டுக்குக் கை நீட்டியபடியே, "என்ன அண்ணி, வாயெல்லாம் பல்லா இருக்கும்னு பார்த்தேன், உர்னு இருக்கீங்க? பதினொரு பேருக்கும் ஒரே பெட்டியில பக்கத்துப் பக்கத்துல போட்டுக் குடுத்திருக்கேன்" என்றான்.

"பதினஞ்சாம் தேதிக்கா?"

"அதைத்தான் பெரியவர் ரத்து பண்ணச் சொல்லிட்டாரே. பதினெட்டாம் தேதி ராத்திரி வண்டி. உங்களுக்குத் தெரியாதா?"

ஜுதிகா மணி அடிக்க மறந்துபோனாள். அந்தக் கூண்டில் அவள் உட்கார்ந்த ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். தை பிறக்கிற சங்கராந்திக்கு எங்கள் பக்கம் வைக்கோலைப் பிரியாகத் திரித்து, நெற்குதிர், அரிசிப் பானை, இரும்புப் பெட்டி, கட்டில் கால் என்று வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் ஒரு சுற்று கட்டுவார்கள். லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது. கட்டிய பிறகு மூன்று நாள் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகாது, யாரும் பயணம் போகமாட்டார்கள். ஈச்ச வெல்லமும் தேங்காய்ப் பூரணமும் வைத்துப் பிட்டே என்கிற கொழுக்கட்டை செய்து தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பதினான்காம் தேதி சாயங்காலம் கட்டு. பதினைந்து, பதினாறு, பதினேழு ஆற்றைத் தாண்டக் கூடாது. நிமாய்சரண் கடைசி நேரத்தில்தான் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் டிக்கெட்டை மாற்றிவிட்டார்.

அன்று சாயங்காலம் சுபலை வைத்துக்கொண்டு ஜுதிகா அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்: "பதினெட்டாம் தேதி டாக்டர் பார்க்கிறாரு. பதினெட்டாம் தேதி இங்கிருந்து கிளம்பினா யாரைப் பார்க்கறது?"

நிமாய்சரண் சுவரைப் பார்த்தார். "சுபல், உன் வீட்டுக்காரிகிட்டச் சொல்லு. டாக்டர் என்ன ஓடியா போயிடுவாரு? ரெண்டு நாள் கழிச்சுப் போய் வாசல்ல நிப்போம். ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து பதினொரு பேர் வந்திருக்கோம்னு சொன்னா, மனுஷன் பார்க்காமலா அனுப்புவாரு? கையில ஒரு சட்டி ரசகுல்லா வேற இருக்கும்."

"ரசகுல்லா குடுத்தா என் கூண்டுல டிக்கெட் கிடைக்குமான்னு கேளுங்க" என்றாள் ஜுதிகா.

சுபல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். "பார்க்கலாம்" என்றான். கையில் கிரீஸ் இருந்தது. துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான். ஜுதிகா அதைக் கவனித்தாள், ஆனால் நம்பத் துணியவில்லை.

மறுநாள் விடியற்காலை முதல் படகில் அவளே டிக்கெட் வாங்கி ஏறினாள். கூண்டில் குத்தகைக்காரரின் மகனை உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். கட்வா ஸ்டேஷன் கவுண்டரில் முதல் ஆள் அவள்தான். தட்கல் பதினொரு மணிக்குத் திறக்கும். பனியில், சால்வையைச் சுற்றிக்கொண்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். பத்தே முக்காலுக்கு ஒரு கோட்டுக்காரர் வந்து, "ஒரே ஒரு விஷயம் கேக்கணும்" என்று தலையை முன்னால் நுழைத்தார். ஜுதிகா கையை ஜன்னலுக்குக் குறுக்கே வைத்தாள். "கேளுங்க. எனக்குப் பின்னாடி முப்பது பேர் இருக்காங்க, அவங்களுக்குப் பின்னாடி போய் நின்னு கேளுங்க." வரிசை முழுவதும் கைதட்டியது.

"எத்தனை பேர்?" என்றார் கவுண்டர்க்காரர்.

ஒரு கணம்தான் யோசித்தாள். "மூணு" என்றாள்.

சங்கராந்திச் சாயங்காலம். வீடு முழுக்கத் தேங்காயும் வெல்லமும் மணத்தது. பிந்துபாசினி குளித்து, ஈரத் தலையோடு வைக்கோல் பிரிகளை ஒரு முறத்தில் அடுக்கிக்கொண்டு வந்தாள். குதிருக்கு ஒன்று. அரிசிப் பானைக்கு ஒன்று. பெட்டிக்கு ஒன்று. நிமாய்சரண் பின்னாலேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜுதிகாவின் அறை வாசலில் ஜிப் போட்ட நீலப் பை தயாராக நின்றது. மேலே துன்துனியின் எக்ஸ்ரே உறை.

விளக்கு நின்றது. நிமாய்சரண் பையைப் பார்த்தார், பிறகு கதவு நிலையைப் பார்த்தார். "சுபல், இது என்னன்னு கேளு."

"நாளைக்குக் காலைல முதல் படகு" என்றான் சுபல், தரையைப் பார்த்து. அவன் வாயில் அவ்வளவு நீளமான பேச்சு வந்ததே பெரிய விஷயம்.

நிமாய்சரண் முறத்திலிருந்து ஒரு பிரியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "பையில கட்டு."

பிந்துபாசினி கட்டினாள். கட்டி முடித்தவள் இன்னொரு பிரியை எடுத்து, பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த துன்துனியின் கணுக்காலுக்குக் குனிந்தாள். "குழந்தைதானே இந்த வீட்டு லட்சுமி. ஒரு சுத்து கட்டிடறேன்மா. தப்பா நினைக்காதே."

"விடுங்க அக்கா" என்றாள் ஜுதிகா.

"சுபல்" என்றார் நிமாய்சரண் கதவு நிலையிடம். அவர் குரல் உடைந்திருந்தது. "சொல்லு அவகிட்ட. இந்த வீட்லேருந்து இந்த மூணு நாளைக்குள்ள ஒருத்தன் கிளம்பிப் போனான். அவனும் வேலை முக்கியம், தேதி முக்கியம்னுதான் போனான். சொல்லு."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கட்டு கட்டிய மறுநாள், அவருடைய ஒரே மகன் கோரா வேலையில் சேர மோட்டார் சைக்கிளில் போனான். கிருஷ்ணநகர் ரோட்டில் லாரி. அன்றிலிருந்துதான் அந்த மனிதர் பஞ்சாங்கத்தை இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார். ஜுதிகா அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது, ஆனால் அந்த வீட்டில் அவள் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையிலும் அது உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் ஆறு வருடத்தை எண்ணெய் தேய்த்தே கழித்தாயிற்று என்பதும் அவளுக்கு அப்போதே ஞாபகம் வந்தது.

தலையிலிருந்த முந்தானை நழுவியது. அவள் அதை இழுத்துவிடவில்லை. எட்டு வருடத்தில் முதல் முறையாக அந்த மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அண்ணா, கோராவை லாரி இடிச்சது. வைக்கோல் இடிக்கல."

பிந்துபாசினியின் கையிலிருந்து பிரி விழுந்தது. சுபல் கண்ணை மூடிக்கொண்டான். ஜுதிகா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"லட்சுமி போயிடக் கூடாதுன்னு கட்டுறீங்க. இவளை அந்தக் கடவுள் வயித்துலேயே காலைக் கட்டித்தான் அனுப்பியிருக்கான். இன்னொரு கட்டு எதுக்கு? நான் அவுக்கப் போறேன் அண்ணா. பதினெட்டாம் தேதி பத்து மணிக்குப் போய் அவுக்கச் சொல்லப் போறேன். பையில கட்டினீங்க, சரி, கட்டினபடியே எடுத்துட்டுப் போறேன். என் பொண்ணு கால்ல கட்டாதீங்க."

நிமாய்சரண் சுவரைத் தேடினார். பிறகு விளக்கை அங்கேயே வைத்துவிட்டு, இருட்டில் தன் அறைக்குப் போய்விட்டார். அன்று அந்த வீட்டில் பிட்டே யாருக்கும் இறங்கவில்லை. துன்துனி மட்டும் ஆறு தின்றாள்.

சொன்னதற்காக ஜுதிகா படுக்கையில் அழுதாள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிமிடமும் தோன்றவில்லை.

காலையில் எழுந்தபோது சுபல் பக்கத்தில் இல்லை. கொக்கியில் அவனுடைய வேலைச் சட்டையும் இல்லை. ஒளிந்துகொண்டுவிட்டான் என்று நினைத்தாள். அண்ணன் முகத்தில் விழிக்கவும் தெம்பில்லை, பெண்டாட்டி முகத்தில் விழிக்கவும் தெம்பில்லை, எங்கே போவான், எங்காவது டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். பர்ஸிலிருந்த டிக்கெட்டில் மூன்றாவது பெயர் அவனுடையது. கோபத்தில் அதை அடிக்கப் பேனாகூட எடுத்தாள். அப்புறம், காசு போட்டு வாங்கியது, இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

ஒரு கையில் வைக்கோல் கட்டிய பை, ஒரு கையில் துன்துனி. படித்துறையில் பனி வெள்ளையாக இறங்கியிருந்தது. சங்கராந்திக்கு மறுநாள் ஊரே போர்வைக்குள் கிடக்கும். படகில் ஏழெட்டுப் பேர்தான். பலகையில் ஏறும்போது ரஹம் சேக் குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார்.

"நானே நடப்பேன் சாச்சா" என்றாள் துன்துனி. "டாக்டர் சரி பண்ணிட்டா அப்புறம் இந்த மாதிரி நடக்க வராது. இப்பவே நடந்துக்கறேன்." சாய்ந்து சாய்ந்து, பலகை ஆட ஆட, ஏறிப்போய் உட்கார்ந்தாள்.

மணி ஆறு ஐந்து, முதல் படகு கிளம்பும் நேரம். குத்தகைக்காரரின் மகன் கூண்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். ஜுதிகா படகில் ஏறப் போனவள் திரும்பிப் பார்த்தாள். மேட்டுப் பாதையில் ஒரு ஆள் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். குரங்குக் குல்லாய், சால்வை, வெறுங்கால். நிமாய்சரண்.

"ரஹம்! படகை நிறுத்து!"

ரஹம் சேக் கயிற்றைப் பிடித்தபடி ஜுதிகாவைப் பார்த்தார். பூஜைக் கமிட்டிச் செயலாளர் சொல்லைத் தட்டி எங்கள் கரையில் படகு விட்டவர் யாருமில்லை. படகிலிருந்த ஏழெட்டுப் பேரும் ஜுதிகாவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு நிற்காத படகு சொந்தக்காரனுக்கு நிற்குமா என்று அவர்கள் கண் கேட்டது.

ஜுதிகா கூண்டுக்குள் கையை விட்டு மணியை அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. அப்படி ஒரு அடி அந்த மணி வாங்கியதில்லை. குத்தகைக்காரரின் மகன் அலறி எழுந்தான். பையைத் தூக்கிக்கொண்டு பலகையில் பாய்ந்தாள். ரஹம் சேக், "மணி அடிச்சாச்சு, நான் என்ன பண்றது" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

ஆனால் எஞ்சின் கிளம்ப வேண்டுமே. குளிர் காலையில் அந்தக் கிழ எஞ்சின் கால் மணி நேரம் இருமும், பிறகுதான் உயிர் வரும். ஜுதிகா எஞ்சின் குழியைப் பார்த்தாள். குழிக்குள்ளிருந்து ஒரு முக்கல் கேட்டது, ஒரே சுற்று, எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. யாரோ விடியற்காலையிலிருந்து சூடு பண்ணி வைத்திருக்கிறார்கள். குழியிலிருந்து சுபல் தலையை நீட்டினான். வேலைச் சட்டைக்குள்ளிருந்து, கல்யாண வீடுகளுக்குப் போடுகிற கோடு போட்ட சட்டையின் காலர் தெரிந்தது.

"எனக்கு டிக்கெட் இருக்கா?" என்றான்.

"பார்க்கலாம்" என்றாள் ஜுதிகா.

படகு கரையை விட்டு நகர்ந்தது. நிமாய்சரண் தண்ணீர் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டார். இந்த மூன்று நாளில் அவர் கரையைத் தாண்ட மாட்டார். ஒரு அடி தண்ணீர், இரண்டு அடி, பத்து அடி. தடுக்க வந்தாரா, வழியனுப்ப வந்தாரா என்று இன்று வரை எங்கள் கரையில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். அவர் வாயைத் திறந்தார். ரஹம் சேக்கைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஜுதிகா!"

எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. படகு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜுதிகா எழுந்து நின்றாள்.

"டாக்டரு எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

"பத்து மணிக்கு!"

"பத்து வரைக்கும் உக்காந்திருக்காதே! எட்டு மணிக்கே போய்க் கதவுகிட்ட நில்லு! நடுவுல எவன் நுழைஞ்சாலும் விடாதே, கேட்டியா? எவனா இருந்தாலும் விடாதே!"

குல்லாயைக் கழற்றி அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜுதிகா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துன்துனி பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்து அம்மாவுக்காகக் கத்தினாள்.

"அம்மா யாரையும் விடமாட்டா பெரியப்பா! உங்களையே விடலையே!"